சிபாரிசின் சரித்திரம்

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவனுக்கு அருவி இன்றியமையாதது; அதில் நிற்குமுன் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொள்வது, வைத்தியர் தடுத்தாலொழிய, எவரும் விடாத சம்பிரதாயம்; திரும்பும் வழியில் பிரானூர் பார்டரில் பரோட்டா தின்பதோ அவரவர் ருசியைச் சேர்ந்தது. 1993-ல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் லினக்ஸில் மென்பொருள் பொதிகளுக்கு வகுக்கப்பட்ட டிபெண்ட்ஸ், ரெகமெண்ட்ஸ், சஜஸ்ட்ஸ் என்ற மூன்று உறவுகளும் ஏறக்குறைய இந்தத் தாரதம்மியத்தையே உடையவை.

விவாதமெல்லாம் நடுவிலுள்ள சிபாரிசைப் பற்றியதுதான். டிசெலக்ட் என்ற பழைய கருவி அதை மதித்து நடந்தது. பின்னர் வந்து செல்வாக்குப் பெற்ற ஆப்ட்-கெட்டோ பொதியின் பெயரைத் திரையில் காட்டிவிட்டுத் தன் வழியே போயிற்று. 2009 பிப்ரவரியில் வெளியான லென்னி பதிப்பில், பயனர் வேண்டாமென்று சொன்னாலன்றிச் சிபாரிசுகளும் கூடவே வந்து சேரும் என்ற புதிய நியதி அமலுக்கு வந்தது. பல வட்டுகளை ஒன்றாய்ப் பிணைக்கும் எம்டிஏடிஎம் என்ற கருவியை உபுண்டுவில் நிறுவப் போனவர்கள், போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் அஞ்சல் சேவகமும் உடன் வந்து தன் அமைப்பைப் பற்றி வினவக் கண்டு திகைத்ததுண்டு. வட்டு பழுதானால் நிர்வாகிக்குக் கடிதம் போக வேண்டுமே என்ற காரணம் அதற்குள் இருந்ததென்பதை அவர்களில் எத்தனை பேர் யோசித்தார்களோ!

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அன்று திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த தென்காசிப் பள்ளிகளுக்கும் இந்த நியதி வந்து சேர்ந்தது. ஏனெனில் விண்டோஸோடு அவற்றில் இடம்பெற்ற பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடியொற்றிச் சமைத்தது. டேட்டா கார்டின் மெதுவான இணைப்பில் ஒரு சிறு நிரலை விரும்பும் கிராமத்துப் பிள்ளைக்குச் சிபாரிசின் பாரம் காசாகவும் காத்திருப்பாகவும் முடியுமென்பது, இணைப்பு தாராளமாயுள்ள தேசங்களில் இருந்துகொண்டு நியதி வகுத்தவர்களுக்கு அவ்வளவாக உறைத்திராது. ஆயினும் அவர்கள் செய்தது சரியே என்பது என் அபிப்பிராயம்: அரைகுறையாக இயங்கும் மென்பொருளைக் கண்டு மலைக்கும் புதியவனுக்கு, எது விடுபட்டதென்று தேடும் வித்தை தெரியாது, வேண்டாததை விலக்கத் தெரிந்தவனுக்கோ கட்டளையோடு சேர்க்க ஒரு சொற்றொடர் இருக்கிறது.

ஆர்ச் லினக்ஸார் இன்றும் பட்டியலைக் காட்டுவதோடு நிற்கிறார்கள். ஆர்பிஎம் என்ற வேறொரு பொதிமுறையைக் கையாளும் மரபினர் 2014-ல்தான் இத்தகைய தளர்ந்த உறவுகளை முழுமையாக ஏற்றார்கள். டெபியனிலோ, சிபாரிசை நிறுத்திவைத்த பிறகுங்கூட, முன்பே வந்து குடியேறிய பொதியைத் தானியங்கித் துப்புரவு அகற்றுவதில்லை. அதற்கென வேறொரு விதியைத் தனியே மாற்றியாக வேண்டும்.