உறக்கநேரத் தானியக்கம்: ஹெப்பகோடி வீடுகளை முன்வைத்து

படுக்கப்போகுமுன் வீட்டில் ஒவ்வொன்றாகச் செய்யும் வேலைகளை ஒரே கட்டளையில் நடக்கும்படி இணைத்து வைப்பது உறக்கநேரத் தானியக்கம். விளக்கு மங்கும், மின்விசிறியின் வேகம் குறையும், கொசுவிரட்டி லிக்விட் மெஷினுக்கு மின்சாரம் போகும், வாசல் பூட்டியிருக்கிறதா என்று போன் காட்டும். வீட்டிலுள்ள மின்கம்பி வழியாகவே கட்டளை அனுப்பிய எக்ஸ்-10 என்ற முறை 1975இல் ஸ்காட்லாந்தில் உருவானது. போனிலிருந்து நிறம் மாற்றக்கூடிய பிலிப்ஸ் ஹ்யூ பல்பு 2012இல் வந்தது. இந்தியாவில் இத்தகைய தானியக்கம் பரவலானது 2017 அக்டோபரில் அமேசான் எக்கோ விற்பனைக்கு வந்த பிறகுதான்.

பெங்களூரின் ஓசூர் சாலையில், எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கும் நடுவே இருக்கிறது ஹெப்பகோடி. பயோகான் நிறுவனத்தின் வளாகம் இங்கே உண்டு. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடமும் வந்துவிட்டது. ஷிஃப்ட் வேலைக்காரர்கள் நிறைந்த வட்டாரம் இது. இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவில் வருபவருக்கும், நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் கண் சொக்க வருபவருக்கும் 'இரவு பத்து மணிக்கு விளக்கணை' என்ற கட்டளையால் என்ன பயன்? இங்கே கடிகாரத்தை நம்பக்கூடாது. போனை சார்ஜரில் செருகுவதையோ, கட்டிலோரம் ஒட்டிய சிறு பட்டனை அழுத்துவதையோ தொடக்கமாக வைத்துக்கொள்வதே சரி. பகலில் தூங்குபவருக்கு மோட்டார் வைத்த கனத்த திரை, விளக்கைவிட முக்கியம்.

வெளிச்சத்துக்கும் தூக்கத்துக்கும் உள்ள தொடர்பு உடலியல் சார்ந்தது. விழித்திரையிலுள்ள சில நரம்புச் செல்களுக்கு நேரடியாக ஒளியை உணரும் திறன் இருப்பது 2002இல் உறுதியானது. அவற்றிலுள்ள மெலனாப்சின் என்ற நிறமி, 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு மிகுதியாகத் தூண்டப்பட்டு, தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் ஹார்மோன் சுரப்பதைத் தள்ளிப்போடுகிறது. 6500 கெல்வின் வெள்ளை ஒளியில் நீலம் அதிகம், 2700 கெல்வின் மஞ்சள் ஒளியில் குறைவு. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே விளக்கு மஞ்சளுக்கு மாறி மெல்ல மங்கும்படி அமைப்பது இதனால்தான். இரவில் தூங்குபவருக்கு மொத்த ஏற்பாட்டிலும் அதிகப் பலன் தரக்கூடியது இந்த ஒன்றுதான்.

பெங்களூரு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் விடியற்காலையில் குளிர் இறங்கும். முழு வேகத்தில் 30 வாட்டுக்கு அருகே எடுக்கும் பி.எல்.டி.சி. மின்விசிறிகளில் செயலி வசதியுள்ளவற்றை, அந்த நேரத்தில் தானே இரண்டு படி வேகம் குறையும்படி அமைத்துவிடலாம். போர்வைக்காக எழுந்திருக்க வேண்டியதில்லை.

பவர் கட்டை மறந்து போட்ட திட்டம் முதல் வாரத்திலேயே வெறுத்துப்போகும். நள்ளிரவில் போன மின்சாரம் திரும்பியதும், பல ஸ்மார்ட் பல்புகள் முழு வெள்ளையில் பளீரென்று எரியும். தூங்கும் குழந்தை அலறி எழும். செயலியில் 'மின்சாரம் வந்ததும் முன்பிருந்த நிலை' என்ற அமைப்பு இருந்தால் அதை முதல் நாளே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். மின்சாரம் அடுத்தடுத்து நான்கைந்து முறை வந்து போனால், சில பல்புகள் தம்மை யாரோ மறுபடி இணைக்க முயல்வதாக எடுத்துக்கொண்டு விட்டுவிட்டு மின்னத் தொடங்கும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் விளக்கோடு ரௌட்டரையும் அதே இணைப்பில் சேர்ப்பது அவசியம்.

இன்னொரு சிக்கல் சுவிட்ச் போர்டு. ஊரிலிருந்து வந்த பாட்டி வழக்கம்போல் சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டால் பல்புக்குக் கட்டளையே போய்ச் சேராது. பாட்டியிடம் பழக்கத்தை மாற்றச் சொல்வது முறையல்ல. அதற்குப் பதிலாக, சுவிட்சுக்குப் பின்னால் சிறு ரிலே மாட்யூல் வைத்தால் சுவரிலும் போனிலும் இயக்கலாம். பெரும்பாலான மாட்யூல்களுக்கு நியூட்ரல் கம்பி தேவை. பழைய போர்டுகளில் பிளக் பாயிண்ட் இருக்கும் பெட்டியில்தான் அது பெரும்பாலும் கிடைக்கும். எலக்ட்ரீஷியனிடம் முதலில் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வாடகை வீட்டுக்காரருக்கும் பி.ஜி. விடுதியில் இருப்பவருக்கும், காலி செய்யும்போது கழற்றி எடுத்துப்போகக்கூடிய ஸ்மார்ட் பிளக் போதும்.

இணையம் அறுந்தால் பெரும்பாலான குரல் கட்டளைகள் நின்றுவிடும், ஏனெனில் அவை நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த் திரும்புகின்றன. 2013இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறந்த மென்பொருள், வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு கணினியில் ஓடுகிறது. 2022இல் வெளியான மேட்டர் தரமும் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே கருவிகளைப் பேசவைக்கிறது. வெவ்வேறு கம்பெனிப் பொருள்களைச் சேர்த்து வாங்கவும் அது வழிவிடுகிறது.

வேலை முடிந்து வந்து வெந்நீரில் குளித்துவிட்டுப் படுப்பவர்கள் கீசரையும் இந்த வரிசையில் சேர்க்கிறார்கள். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். கொசுவிரட்டிக்கு வாங்கிய 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கை அதில் மாட்டினால் சூடேறி உருகிவிடக்கூடும். 16 ஆம்பியர் பிளக்கைத்தான் வாங்க வேண்டும்.