வெஸ்ட்மினிஸ்டரின் பார்வையாளர் மாடம்

லண்டன் மாநகரில் தேம்ஸ் நதிக்கரையில் நிற்கும் வெஸ்ட்மினிஸ்டர் அரண்மனைக்குள் பொதுஜனங்களில் ஒருவராக நுழைகிறவர், 1097-ஆம் ஆண்டில் இரண்டாம் வில்லியம் மன்னன் கட்டத் தொடங்கிய பெருமண்டபத்தையும், அதை அடுத்த புனித ஸ்டீபன் மண்டபத்தையும் கடந்து, தம் பிரதிநிதியைக் காண விரும்பும் எந்தப் பிரஜையும் வந்து நிற்கத்தக்க நடுக்கூடத்தை அடைகிறார். இன்று வெகு சகஜமாகத் தோன்றும் இந்தப் பிரவேசம், பல தலைமுறையினர் போராடிப் பெற்ற உரிமையாகும்.

ஸ்டீபன் மண்டபம் நிற்கும் இடத்தில் முன்பிருந்த பழைய தேவாலயத்தில்தான், பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1834 வரை காமன்ஸ் சபை கூடி வந்தது. ஜனங்களின் பெயரால் கூடிய அச்சபை, தன்னைக் காண வந்த ஜனங்களை 'அந்நியர்' என்றே வழங்கியது. அந்நியர் இருப்பதாக உறுப்பினர் ஒருவர் எழுந்து சொன்னாலே போதும், மாடம் முழுவதும் காலியாக வேண்டும். 1875-ஆம் ஆண்டில் ஜோசப் பிக்கர் என்னும் ஐரிஷ் உறுப்பினர், வேல்ஸ் இளவரசரே மாடத்தில் வீற்றிருந்த வேளையில் இந்த விதியைப் பிரயோகித்து அவரையும் வெளியேற வைத்தார். அதன் பின்னரே, தனி ஓர் உறுப்பினரின் சொல் போதாது, சபையின் வாக்கெடுப்பு வேண்டும் என்று ஏற்பட்டது.

ஆயினும், பெண்மக்கள் பட்ட பாட்டுக்கு முன் இளவரசரின் அசௌகரியம் எம்மாத்திரம்! 1778-ஆம் ஆண்டில், மாடத்தை விட்டு நீங்கும்படி உத்தரவு பிறந்தபோது சீமாட்டிகள் எளிதில் எழுந்திருக்க இசையாததால், அதுமுதல் மாடம் அவர்களுக்கு அடைபட்டது. அதற்கும் சளைக்காத அவர்கள், மெழுகுவர்த்திகளின் வெப்பமும் புகையும் மேலே போவதற்காக அமைத்திருந்த காற்றுப்போக்கியைச் சுற்றி, கூரைக்கடியில் இருண்ட பரணில் நின்று, அதன் துவாரங்களில் முகத்தைப் பொருத்தி, கீழே நடந்த விவாதத்தைக் கேட்டார்கள். நாவலாசிரியை மரியா எட்ஜ்வர்த் அவ்வாறு கேட்டவர்களுள் ஒருவர். தேசத்தின் சட்டங்கள் உருவாகும் ஓசை, சபையின் அசுத்தக் காற்று வெளியேறும் வழியாக மட்டுமே அத்தேசத்துப் பெண்களின் செவிக்கு எட்டியது என்பதை நினைக்கும்போது நெஞ்சு பதைக்கிறது.

கஜானாவின் பழைய கணக்குக் கோல்களை உலையிலிட்டு எரித்ததால் 1834 அக்டோபர் 16 அன்று மூண்ட தீயில் அந்தப் பரணும் அழிந்தது. சார்ல்ஸ் பாரி நிர்மாணித்த புதிய சபையில், சபாநாயகர் ஆசனத்துக்கு மேலே உயரத்தில் பெண்களுக்கென ஒரு மாடம் அமைந்தது; ஆனால் உறுப்பினர் கண்ணில் அவர்கள் படாதபடி கனத்த உலோகக் கிராதி மறைத்தது. 1908 அக்டோபர் 28 இரவு, ஓட்டுரிமை கோரிய மூரியல் மேட்டர்ஸ், ஹெலன் ஃபாக்ஸ் ஆகிய இருவரும் அக்கிராதியோடு தம்மைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு முழக்கமிட, அவர்களைப் பிரிக்க வழியின்றிக் காவலர் கிராதியையும் சேர்த்தே பெயர்த்தெடுத்துக்கொண்டு போக நேர்ந்தது.

1917-இல் சபையே அந்தக் கிராதியை அகற்றியது. அதன் பகுதிகள் இப்போது நடுக்கூடத்துச் சன்னல்களில் இருக்கின்றன. மறு ஆண்டு, முப்பது வயது கடந்த பெண்களுள் சில தகுதிகள் உடையோருக்கு வாக்குரிமை கிட்டியது. 1919 டிசம்பர் 1 அன்று, நான்சி ஆஸ்டர் அம்மையார், மாடத்துக்கன்றி, கீழே உறுப்பினர் வரிசைக்கு நடந்து வந்து அமர்ந்தார்.