தென்பெண்ணையாற்றில் அணை நீக்கமும் மீன் வலசையும்

பயன்பாடு முடிந்த அல்லது பழுதடைந்த அணையை அகற்றி, நீரும் மணலும் மீனும் தடையின்றிப் போய்வர வழிவிடுவதே அணை நீக்கம். அமெரிக்காவில் பெருமளவு சால்மன் மீனுக்காகவே பெரிய அணைகள் இடிக்கப்பட்டிருக்கின்றன. தமிழக ஆறுகளில் சால்மன் கிடையாது. அதே வழித்தடம் தேவைப்படும் மீன்கள் இங்கே உண்டு. அவற்றை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும். நம் விலாங்கு இதற்கு நேர்மாறு. ஆற்றிலும் ஏரியிலும் பல ஆண்டுகள் வளர்ந்து, இனப்பெருக்கத்துக்குக் கடலுக்குப் போகும். அங்கேயே அதன் வாழ்வு முடியும். கண்ணாடி இழைபோல் உடல் ஊடுருவித் தெரியும் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஆறேறும். ஈரமும் சொரசொரப்பும் இருந்தால் பாறையில்கூட ஒட்டி ஊர்ந்துவிடும் இவை, வறண்ட செங்குத்துக் கான்கிரீட் சுவரில் தோற்றுப்போகும். காவிரியில் ஏறிவந்த உல்லம் மீனுக்கும் இதே கதிதான். வங்காளிகள் இலிஷ் எனக் கொண்டாடும் இந்த மீனின் வழியை 1836இல் கட்டிய கொள்ளிடம் அணைக்கட்டுகள் சுருக்கின. 1934இல் வந்த மேட்டூர் அணை அடைத்தே விட்டது. கடலுக்கே போகாத கெண்டையும் கெளுத்தியும்கூடப் புதுவெள்ளம் வந்ததும் எதிரேறி முட்டையிடும் இடம் தேடுபவை. தடுப்பணையைத் தாண்ட முடியாமல் அதன் அடியில் கூட்டமாக முட்டிநிற்கும்போது வலைக்குச் சுலபமாகச் சிக்கிவிடுகின்றன.

நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, கிருஷ்ணகிரி அணையையும் (1957) சாத்தனூர் அணையையும் (1958) கடந்து மூங்கில்துறைப்பட்டுக்கு வருகிறது. சாத்தனூரின் முழு நீர்மட்டம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. அதன் வலதுபுறக் கால்வாயை நம்பிக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கிராமங்கள் பயிர் செய்கின்றன. இந்த அணையை நீக்கும் பேச்சுக்கே இடமில்லை. மூங்கில்துறைப்பட்டிலிருந்து கடல்வரை உள்ள கீழ்ப்பகுதிதான் இங்கே கேள்வி. திருக்கோவிலூர், எல்லீஸ்சத்திரம், தளவானூர், சொர்ணாவூர் என்று அணைக்கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே வந்த நீளம் அது.

இந்த நீளத்தில் அணை தகர்ப்பு ஏற்கெனவே நடந்திருக்கிறது, மீனுக்காக அல்ல. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு இடையே 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு 2020இல் முடித்த தளவானூர் தடுப்பணை, அடுத்த ஜனவரியிலேயே ஒருபக்கம் உடைந்தது. 2021 நவம்பர் வெள்ளத்தில் கரை மேலும் அரிக்கவே, எஞ்சிய பகுதியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதே வெள்ளத்தில் பழைய எல்லீஸ்சத்திரம் அணைக்கட்டும் சேதமாகித் தகர்க்கப்பட்டு, பின்னர் புதிதாகக் கட்டப்பட்டது. கரையைக் காப்பதும் பாசனமும் நியாயமான காரணங்கள்தான். ஆனால் ஆறு திறந்து கிடந்த அந்த இடைவெளியில் எந்த மீன் எவ்வளவு தூரம் ஏறியது என்று பார்த்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் எல்வா ஆற்றில் அந்தக் கணக்கை எடுத்தார்கள். 1913லும் 1927லும் எழுந்த இரு அணைகளை 2011 முதல் 2014 வரை படிப்படியாக அகற்றினார்கள். தேங்கியிருந்த வண்டல் சுமார் 2.1 கோடி கன மீட்டர். ஒரேயடியாகத் திறந்தால் கீழே இருக்கும் மீன்களே மூச்சுமுட்டிச் சாகும் என்பதால்தான் அந்த நிதானம். சால்மன் மேலேறியது, வண்டல் போய்ச் சேர்ந்த முகத்துவாரத்தில் கடற்கரை அகன்றது. அதே நாட்டின் கிளாமத் ஆற்றில் அகற்றத் தீர்மானித்த நான்கு அணைகளில் கடைசியானதும் 2024இல் அகன்றது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே பழைய அணைகளுக்கு மேலே சால்மன் தென்பட்டது.

அகற்ற முடியாத அணைக்கட்டில் மீன்வழி அமைக்கலாம். சால்மனுக்கான படித்தொட்டிகள் துள்ளித் தாண்டும் மீனுக்கு ஏற்றவை. அவற்றை அப்படியே இங்கே கொண்டுவந்தால் விலாங்குக் குஞ்சுக்கு உதவாது. அதற்கு மதகின் ஓரமாகத் தூரிகை மயிரோ கரடுமுரடான கல்லோ பதித்த சரிவும், அதன்மேல் எப்போதும் கசியும் மெல்லிய நீரோட்டமும் போதும். புதிதாகக் கட்டும் ஒவ்வோர் அணைக்கட்டின் வரைபடத்திலும் இந்தச் சரிவுக்கு இடம் ஒதுக்க முடியும்.