நரை கண்ட வீரரை ஏலம் எடுத்தல்

2018ஆம் ஆண்டு ஜனவரி 27, 28 ஆகிய நாள்களில் பெங்களூரில் நடந்த ஐ.பி.எல். ஏலம் முடிந்தபோது, சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் பட்டியலைக் கண்டு சிரித்தவர்களே மிகுதி. தோனிக்கு வயது 36. ஷேன் வாட்சனுக்கும் 36. ஹர்பஜன் சிங்குக்கு 37. இம்ரான் தாஹிருக்கு 38. பிராவோவுக்கு 34. இரண்டாண்டுத் தடை முடிந்து திரும்பிய அணிக்கு ‘டாடிஸ் ஆர்மி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்த ஆண்டு மே 27 அன்று மும்பை வான்கடே மைதானத்தில் கோப்பையைத் தூக்கியது அந்த அணிதான்.

அன்றிலிருந்து நம் ஊர்களில் ஒரு நம்பிக்கை நிலைபெற்றுவிட்டது. அனுபவத்தை விலைக்கு வாங்கலாம், வாங்கினால் வெற்றி வரும் என்பதே அது. ஏழாண்டு கழித்து, 2025இல், அதே அணி அதே நம்பிக்கையோடு களமிறங்கிப் பத்து அணிகளில் பத்தாவதாக முடிந்தது. இறங்குமுகத்தில் இருக்கும் மூத்த வீரர் ஒருவரை அணியில் சேர்ப்பது பயன் தருமா, தராதா என்ற கேள்வியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஓர் அணியில் இருபத்தைந்து பேருக்குத்தான் இடம். களத்தில் பதினொருவருக்கு. ஒரு மூத்தவர் உள்ளே வரும்போது ஓர் இளைஞன் வெளியே காத்திருக்கிறான். ஆகவே இது வெறும் புள்ளிவிவரக் கணக்கன்று.

*

முதலில் பழைய கதைகள் இரண்டு.

1977இல் கெர்ரி பேக்கர் தம் தனிப் போட்டிகளுக்காக ஆஸ்திரேலியாவின் முன்னணி ஆட்டக்காரர்களை எல்லாம் அழைத்துக்கொண்டு போனபோது, அந்நாட்டு வாரியம் பாபி சிம்ப்சனைத் தேடிப் போயிற்று. அவர் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பத்தாண்டு ஆகியிருந்தது. வயது 41. பேடியின் தலைமையில் வந்திருந்த இந்திய அணிக்கு எதிராக அவர் ஐந்து டெஸ்டுகளில் 539 ஓட்டங்கள் எடுத்தார். பெர்த்தில் 176, அடிலெய்டில் 100. தொடரை ஆஸ்திரேலியா 3-2 என்று வென்றது. மறுபடியும் நாற்பதில் இளமை என்று பத்திரிகைகள் கொண்டாடியிருக்கக்கூடும். ஆனால் சில மாதங்களில் அதே சிம்ப்சன் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனார். அங்கே ஒரு சதமும் இல்லை. அணியும் 3-1 என்று தோற்றது.

ஒரே மனிதர், ஏறக்குறைய ஒரே வயது. வேறுபட்டது எதிரே வந்த பந்து. இந்தியா கொண்டுபோனது பேடி, சந்திரசேகர், பிரசன்னா ஆகியோரின் சுழல். சுழலை ஆடுவதற்குப் பெரிதும் வேண்டியது அறிவு. பந்து எங்கே விழும், எப்படித் திரும்பும் என்ற முன்கணிப்பு. அது வயதோடு வளரும். மேற்கிந்தியத் தீவுகளில் ராபர்ட்ஸ், கிராஃப்ட், கார்னர் ஆகியோர் வீசியது வேகம். வேகத்தை ஆடுவதற்குக் கண்ணும் காலும் நொடியின் சிறு பகுதிக்குள் ஒத்துழைக்க வேண்டும். அது வயதோடு தேயும்.

இரண்டாவது கதை கேமரூனின் ரோஜர் மில்லாவுடையது. 1990 உலகக்கோப்பைக் கால்பந்துக்கு, 38 வயதில், நாட்டின் அதிபரே கேட்டுக்கொண்டதன் பேரில் ஓய்விலிருந்து திரும்பி வந்தார். நான்கு கோல்கள் அடித்தார். கேமரூன் காலிறுதி வரை போயிற்று. பலர் மறந்துவிடும் ஒரு செய்தி இருக்கிறது. அவர் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடக்கத்திலிருந்து ஆடவில்லை. எதிரணியின் கால்கள் சோர்ந்த பிறகு, மாற்று ஆட்டக்காரராகவே அவரை இறக்கினார்கள். 1994இல் 42 வயதில் மீண்டும் வந்தார். ரஷ்யாவுக்கு எதிராக ஒரு கோல் அடித்து, உலகக்கோப்பையில் கோல் அடித்த மிக மூத்தவர் என்ற பெயரும் பெற்றார். அந்த ஆட்டத்தில் கேமரூன் 6-1 என்று தோற்று வெளியேறியது. வீரருக்குச் சாதனை, அணிக்குத் தோல்வி. இரண்டும் ஒரே மாலையில் நிகழக்கூடும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

*

தமிழ் வாசகருக்கு இந்த விஷயத்தில் கூடுதலாக ஒரு மயக்கம் உண்டு. அது நம் இலக்கியத்திலிருந்து வருவது. ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர் எவரும் விஜயாலய சோழன் திருப்புறம்பியம் போர்க்களத்துக்கு வரும் காட்சியை மறப்பதில்லை. கால்கள் செயலிழந்த முதிய மன்னன், வீரர்களின் தோள்மீது ஏறி, இரு கைகளிலும் வாள் சுழற்றித் தோற்கவிருந்த போரை வென்று தருகிறான். அவன் உடலில் தொண்ணூற்றாறு தழும்புகள் இருந்தன என்ற செய்தியை ஒட்டக்கூத்தரின் உலாவிலிருந்து கல்கி எடுத்துக்கொண்டார். தோள்மீது ஏறி வந்த காட்சியோ கல்கியின் கற்பனை வளம்.

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் கிடைத்த செப்பேடுகள் விஜயாலயனைப் பற்றிச் சொல்வது வேறு. அவன் தஞ்சையைக் கைப்பற்றினான், நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்தான் என்கின்றன. தொண்டைநாட்டை வென்றவனாக அவை போற்றுவது அவன் மகன் ஆதித்தனை. திருப்புறம்பியத்தில் அபராஜித பல்லவனுக்காகப் போரிட்ட கங்க மன்னன் பிருதிவீபதி, வெற்றியைத் தேடித் தந்து களத்திலேயே உயிர்விட்டான் என்று உதயேந்திரம் செப்பேடு கூறுகிறது. அந்த வெற்றியின் பலனை அபராஜிதனும் நெடுநாள் துய்க்கவில்லை. அவன் காலத்துக் கோயில் திருத்தணியில் இன்றும் நிற்கிறது. நாட்டை எடுத்துக்கொண்டவன் ஆதித்தன்.

கரிகாலன் கதையும் இவ்விடத்தில் நினைவுக்கு வரும். வழக்குரைக்க வந்த முதியோர் அவன் இளமையைக் கண்டு ஐயுற்றதால், நரைமுடி அணிந்துவந்து தீர்ப்பு வழங்கினான் என்பது ‘பழமொழி’ தரும் செய்தி. முதுமைக்குரிய மரியாதையைச் சொல்லும் கதையாகவே இதை வகுப்பறைகளில் நடத்துகிறோம். கூர்ந்து பார்த்தால் தீர்ப்பைக் கண்டது இளைஞனின் அறிவு. நரை, கேட்பவரின் மன அமைதிக்காகப் போட்ட வேடம். ஏலத்தில் பழைய பெயர்களை வாங்கும் அணிகள் பல நேரங்களில் வாங்குவது அந்த வேடத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ரசிகனுக்கு அமைதி கிடைக்கிறது. ஆட்டத்தை ஆட ஆள் வேண்டுமே!

*

இனிச் சென்னை அணியின் கணக்குக்கு வருவோம்.

வாட்சன் 2017இல் பெங்களூர் அணிக்காக எட்டு ஆட்டங்களில் எடுத்த ஓட்டங்கள் 71 மட்டுமே. இறங்குமுகம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சென்னை அவரை 4 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2018இல் அவர் 555 ஓட்டங்கள் குவித்தார். இறுதி ஆட்டத்தில் முதல் பத்துப் பந்துகளில் ஓர் ஓட்டமும் இல்லை. பதற்றம் என்பது ஆடியவருக்கு இல்லை, பார்த்த நமக்குத்தான் இருந்தது. பிறகு 57 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 117. அந்தப் பத்துப் பந்துகளைப் பொறுத்துக்கொள்வதற்கு ஓர் இருபது வயது இளைஞனால் இயன்றிருக்குமா என்பது ஐயமே. அனுபவம் என்ற சொல்லுக்கு ஆட்டக்களத்தில் ஒரு பொருள் உண்டென்றால் அது இதுதான்.

ஆயினும் அந்த ஆண்டின் வெற்றியை முதியோரின் வெற்றி என்று மட்டும் எழுதுவது பாதி வரலாறு. வேகப்பந்து வீச்சைச் சுமந்தவர்கள் 22 வயது லுங்கி இங்கிடி, 25 வயது தீபக் சாஹர், 26 வயது ஷர்துல் தாக்குர். கால் ஓடவேண்டிய வேலை இளையவர்களிடம் இருந்தது. மூத்தவர்கள் நின்று மட்டை வீசினார்கள், நான்கு ஓவர் சுழல் வீசினார்கள், களத்தை நிரல்படுத்தினார்கள். இன்னொன்றும் உண்டு. இறுதி ஆட்டத்தில் ஹர்பஜன் சிங் இல்லை. அவருக்குப் பதில் கரண் சர்மா ஆடி, எதிரணித் தலைவர் வில்லியம்சனை வீழ்த்தினார். பெயர் பெரிது என்பதற்காக இடம் தரப்படவில்லை. 2018இன் உண்மையான பாடம் இந்த ஒற்றை முடிவில் இருப்பதாக நினைக்கிறேன்.

2019இல் 40 வயதான தாஹிர் 26 விக்கெட்டுகள் எடுத்துத் தொடரிலேயே முதலிடம் பெற்றார். இறுதியில் ஒரே ஓட்டத்தில் தோல்வி. அதுவரை எல்லாம் சரி. வெற்றி தந்த முறையை அப்படியே அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோனபோதுதான் வினை தொடங்கிற்று. 2020இல், அதுவரை ஆடிய எல்லாத் தொடர்களிலும் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றிருந்த அணி ஏழாவது இடத்தில் முடிந்தது. தோனி 14 ஆட்டங்களில் 200 ஓட்டங்கள். ஓர் அரைசதமும் இல்லை. 7.8 கோடிக்கு எடுக்கப்பட்டிருந்த கேதார் ஜாதவ் எட்டு ஆட்டங்களில் 62 ஓட்டங்கள்.

அதே தொடரில் தமிழ்நாட்டின் நாராயண் ஜெகதீசனுக்கு வாய்ப்புக் கிடைத்தது. பெங்களூருக்கு எதிராக 28 பந்துகளில் 33 எடுத்தார். அடுத்த ஆட்டத்தில் அவர் இல்லை. இளைஞர்களிடம் போதிய பொறியைக் காணவில்லை என்ற பொருள்படத் தோனி பேசியதும் அந்நாள்களில்தான். அதற்கு ஸ்ரீகாந்த் போன்றோர் வெளிப்படையாகவே மறுப்புச் சொன்னார்கள். 2022 நவம்பரில் அணி ஜெகதீசனை விடுவித்தது. அதே மாதம் விஜய் ஹசாரே தொடரில் அவர் அடுத்தடுத்து ஐந்து சதங்கள் அடித்தார். ஐந்தாவது 277. அவ்வகை ஆட்டத்தில் அதற்குமுன் எவரும் அவ்வளவு எடுத்ததில்லை.

வாய்ப்புத் தந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று அதே அணியில் இருக்கிறது. 2020இன் இறுதியில், இழக்க ஒன்றும் இல்லாத நிலையில், ருதுராஜ் கெய்க்வாடை ஆட விட்டார்கள். மூன்று ஆட்டங்களில் மூன்று அரைசதம். 2021இல் அவர் 635 ஓட்டங்கள் எடுத்தார். மறுமுனையில் 37 வயது டூப்ளெசி 633. இரண்டு ஓட்ட வேறுபாடு! கோப்பை சென்னைக்கு வந்தது. இருபத்து நான்கும் முப்பத்தேழும் ஒரே ஆடுதளத்தில் நின்ற அந்த ஆண்டே, முதுமைக்கும் இளமைக்குமான சரியான விகிதத்தை அணி கண்டடைந்த ஆண்டு எனலாம். 2023இல் அடிப்படை விலையான 50 லட்சத்துக்கு வந்த 34 வயது ரஹானே 326 ஓட்டங்களை முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் எடுத்தார். அப்போதும் இறுதி ஓவர்களின் பந்துவீச்சு 20 வயது பதிரனாவிடம் இருந்தது.

2025இல் இந்த விகிதம் குலைந்தது. 9.75 கோடிக்குச் சொந்த ஊருக்குத் திரும்பிய 38 வயது அஸ்வின் ஒன்பது ஆட்டங்களில் 7 விக்கெட்டுகள் எடுத்தார். சேப்பாக்கத்தில் பெங்களூருக்கு எதிரான ஆட்டத்தில் 43 வயது தோனி ஒன்பதாவது ஆளாக மட்டை பிடிக்க வந்தார். அரங்கு அதிர்ந்தது, அணி 50 ஓட்டங்களில் தோற்றது. மில்லாவின் 1994ஆம் ஆண்டு மாலை மீண்டும் வந்தது போலிருந்தது. பிறகு தொடரின் நடுவே 17 வயது ஆயுஷ் மாத்ரேயையும் 21 வயது பிரெவிஸையும் சேர்த்தார்கள். மாத்ரே அதே பெங்களூருக்கு எதிராக 48 பந்துகளில் 94 அடித்தார். அந்த ஆண்டு டிசம்பர் ஏலத்தில், இந்திய அணிக்கு ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரு இளைஞர்களுக்குத் தலா 14.2 கோடி கொடுத்தது சென்னை. அணி தன் பழைய நம்பிக்கையைத் தானே கைவிட்ட நாள் அது.

*

கால்பந்தில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் நின்ற இடத்தில் பயன்பட முடியும். கால்பந்தில் ஓட்டத்துக்கு விலக்கில்லை. 2014இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது ஒவ்வோர் அணிக்கும் ஒரு புகழ்பெற்ற பெயர் தேவைப்பட்டது. டெல்லிக்கு வந்த டெல் பியரோ அடித்தது ஒரே ஒரு கோல். சென்னையின் எஃப்.சி.க்கு மத்தேரஸி பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் வந்தார். 2015இல் அவர் கோட்டுக்கு வெளியே நின்று பயிற்சியளிக்க, 23 வயது மெண்டோசா 13 கோல்கள் அடிக்க, கோப்பை கிடைத்தது. மத்தேரஸியின் அறிவு அணிக்குப் பயன்பட்டது. அதற்கு அவர் கால்கள் தேவைப்படவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலை செய்வோருக்கு இதில் புதிதாக ஒன்றும் இராது. ஓய்வு பெற்ற ஃபிட்டரை ஒப்பந்தத்தில் மீண்டும் அழைக்கும் வழக்கம் தொழிற்சாலைகளில் உண்டு. எந்திரத்தின் ஓசை மாறினால் எங்கே பழுது என்று சொல்ல அவர் வேண்டும். அவர் அருகே ஓர் ஐ.டி.ஐ. பையன் நின்று கற்றுக்கொண்டால் அந்தச் சம்பளம் வீணில்லை. அவரையே ஏணியில் ஏறச் சொல்லிவிட்டுப் பையனை வாசலில் நிறுத்தினால் இருவருக்கும் கேடு.

ஆகவே மூத்த வீரரை எடுப்பதில் பிழையில்லை. அவருக்கு எஞ்சியிருப்பது எதுவோ அந்த வேலையை மட்டும் கொடுக்க வேண்டும். வேண்டாத நாளில் ஹர்பஜனைப் போல வெளியே அமர்த்தும் துணிவு வேண்டும். அவர் போகும்போது அந்த இடத்தில் நிற்க ஒருவன் தயாராக இருக்க வேண்டும். 2021இல் இம்மூன்றும் சென்னையிடம் இருந்தன. 2020இலும் 2025இலும் இல்லை. அடுத்த ஏலத்தில் ஒரு பழைய பெயர் ஒலிக்கும்போது நாம் கைதட்டுவோம். அதில் தவறில்லை. கைதட்டி முடித்ததும், அந்த இடத்துக்காகக் காத்திருக்கும் பையன் யார் என்றும் ஒரு முறை கேட்டுவைப்போம்.