இயக்கச் சோதனை

உடற்பயிற்சி தொடங்கும் முன், ஒருவரின் மூட்டுகள் எந்த அளவு தடையின்றி அசைகின்றன, அசையும்போது உடல் எந்த அளவு நிலைகுலையாமல் நிற்கிறது என்று பார்க்கும் முறை. அமெரிக்க இயன்முறை மருத்துவர் கிரே குக், லீ பர்ட்டனுடன் சேர்ந்து 1990களில் உருவாக்கிய ‘ஃபங்ஷனல் மூவ்மென்ட் ஸ்க்ரீன்’ இதில் பரவலாக அறியப்பட்டது.

இதில் ஏழு அசைவுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. முதலாவது, தலைக்கு மேல் கோலைப் பிடித்தபடி ஆழமாகக் குந்துவது. குதிகால் தரையை விட்டு எழாமல், முதுகு அதிகம் முன்சாயாமல், முழங்கால் உள்வாங்காமல் தொடை கீழிறங்கினால் 3. குதிகாலுக்கு அடியில் பலகை வைத்தபின் சரியாகக் குந்தினால் 2. அப்போதும் முடியாவிட்டால் 1. எந்த அசைவிலும் வலி வந்தால் 0: அவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பலகை வைத்ததும் குந்த முடிகிறது என்றால் கணுக்கால் இறுக்கத்தைச் சந்தேகிக்கலாம். ஏழில் ஐந்து அசைவுகள் இடம், வலம் எனத் தனித்தனியே பார்க்கப்படும். குறைந்த மதிப்பெண்ணே கணக்கு. மொத்தத்தைவிட இந்த இடவல வேறுபாடே பயிற்சியாளருக்கு அதிகம் உதவும்.

அமெரிக்கக் கால்பந்து வீரர்களிடம் நடந்த 2007 ஆய்வு, 14-உம் அதற்குக் கீழும் பெற்றவர்களுக்குக் காயம் வரும் வாய்ப்பு அதிகம் என்றது. ஆனால் 2017இல் வெளியான தொகுப்பாய்வு, மொத்த மதிப்பெண்ணைக் கொண்டு காயத்தை முன்கூட்டிச் சொல்வதை ஆதரிக்கவில்லை. எனவே பயிற்சியைத் திட்டமிட இதைப் பயன்படுத்தலாம்; காயம் வருமா என்று கணிக்க இதை நம்பக்கூடாது.