வலிப்பும் மூளைப் படிமமும்: இரு கண்டறிதல்களின் வரலாறு

வலிப்பு நோயாளியின் மூளைப் படிமத்தில் தெரியும் சிறு மாற்றத்திற்கு மருத்துவர் இடும் பெயரே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. பெயர் தவறினால் சிகிச்சையும் தவறும். 1988இல் பாரிசிலும் 1989இல் வேலூரிலும் திருத்தம் பெற்ற இரு பெயர்களை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது.

மருந்துக்கு அடங்காத வலிப்புடைய இளையோர் சிலரின் மூளைப் புறணியில் காணப்பட்ட கட்டிகள், முன்னர் வளர்ந்து பரவும் கிளையோமா வகைகளாகக் கருதப்பட்டன. கேத்தரின் டோமா-டுபோரும் அவருடைய குழுவினரும் அறுவை செய்துகொண்ட 39 நோயாளிகளை ஆராய்ந்து, 1988இல் அவற்றைத் தனிவகையாக வரையறுத்தனர். அவர்களுள் 13 பேர் கதிர்வீச்சு பெற்றிருந்தனர். 26 பேர் பெறவில்லை. சராசரியாக ஒன்பது ஆண்டுகள் கண்காணித்தும் ஒருவருக்கும் கட்டி மீளவில்லை. ஆகவே இளம் மூளைக்குக் கதிர்வீச்சு தேவையற்றது என்பது தெளிவாயிற்று. ‘டி.என்.இ.டி.’ எனச் சுருக்கமாக வழங்கும் இவ்வரிய கட்டி, 1993இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இடம்பெற்றது.

எம்.ஆர்.ஐ. படிமத்தில் இக்கட்டி புறணியை ஒட்டி அமைந்திருக்கும். டி2 முறையில் குமிழ்களின் திரள்போல் வெண்மையாகத் தெரியும். சுற்றிலும் வீக்கம் பெரும்பாலும் இராது. அருகிலுள்ள பகுதிகளைத் தள்ளுவதும் அரிது. சிலரிடம் மேலுள்ள மண்டையோட்டின் உட்புறம் தேய்ந்திருக்கும். இது கட்டி நெடுங்காலமாக மெல்ல வளர்ந்ததற்குச் சான்றாகும்.

வேலூரில் எழுந்த சிக்கல் வேறு. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். சி.டி. ஸ்கேன் பரவிய பின்னர், வலிப்புடன் வந்த பலரின் படிமங்களில் ஒற்றைச் சிறு வளையம் தென்பட்டது. காசநோய் மிகுந்த இந்நாட்டில் அது காசநோய்க் கட்டி எனக் கொள்ளப்பட்டு, மாதக்கணக்கில் காசநோய் மருந்துகள் தரப்பட்டன. மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலியோர் திசுவை எடுத்து ஆராய்ந்தபோது, பலரிடம் அது பன்றி நாடாப்புழுவின் இளம்புழு உண்டாக்கிய கட்டி என்பது புலப்பட்டது. இம்முடிவு 1989இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. ஒற்றைக் கட்டி, 20 மில்லிமீட்டருக்கு மிகாத அளவு, மூளையின் நடுக்கோட்டை விலக்காத வீக்கம் ஆகியன பின்னர் அதனை அறியும் படிம அளவுகோல்களாயின. வலிப்பு மருந்து மட்டுமே பெற்ற பலரிடம் அக்கட்டி தானே மறைந்தது.

ஒன்று மூளைக் கட்டி வகை, மற்றொன்று தொற்று. ஆயினும் இரண்டிலும் படிமம் மட்டும் விடை தரவில்லை. திசு ஆய்வும் நீண்ட கண்காணிப்புமே அதற்குப் பொருள் தந்தன. அப்பொருள் தெளிந்தபின், படிமத்தைக் கொண்டே பல நோயாளிகளைத் தேவையற்ற சிகிச்சையிலிருந்து காக்க இயன்றது. படிமவியலின் வளர்ச்சியைக் கருவிகளின் வரலாறாக மட்டும் எழுதுவது நிறைவாகாது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.