சதாராவிலிருந்து பரோடாவுக்கு: ஒரு வளைந்த பாதையின் வரலாறு



அண்ணல் அம்பேத்கரின் படிப்பைப் பற்றிப் பேசும்போது நாம் ஒரு ஏணியைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசிப் பழகியிருக்கிறோம். எல்பின்ஸ்டன், கொலம்பியா, லண்டன், அரசமைப்புச் சட்டம் என்று படிப்படியாக ஏறிவிடுகிறோம். ஏப்ரல் 14 அன்று ஒட்டும் சுவரொட்டிகளில் அவருடைய பட்டங்களை எழுத இடம் போதுவதில்லை. அதில் நமக்குப் பெருமிதம் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சுவரொட்டியின் முன்னால் நிற்கிற ஒரு மாணவரையும் நினைத்துப் பாருங்கள். மூன்றாண்டுப் படிப்பை ஐந்தாண்டில் முடித்தவர். இடையில் ஓராண்டு கட்டட வேலைக்கோ துணிக்கடைக்கோ போனவர். வேலைக்கான நேர்காணலில் “நடுவில் இத்தனை வருடம் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் தலைகுனிகிறவர். ஏணியைக் காட்டினால் அவருக்கு அது தன்னைக் குற்றம் சொல்வதுபோலத்தான் தெரியும்.

எனவே இன்று நாம் ஏணியை விட்டுவிட்டு ஆண்டுகளை எண்ணுவோம். அம்பேத்கர் மெட்ரிக்குலேஷன் தேறியது 1907இல். பாரிஸ்டராகப் பம்பாய்க்குத் திரும்பி, லண்டன் டி.எஸ்சி. பட்டமும் பெற்று, வழக்கறிஞர் தொழிலில் கால் ஊன்றத் தொடங்கியது 1923இல். இடையில் பதினாறு ஆண்டுகள். அதற்குள் அவர் ஏற்ற எந்த வேலையும் இரண்டாண்டு நிலைக்கவில்லை. லண்டன் படிப்பு பாதியில் நின்றது. இந்தப் பாதை எங்கெங்கே வளைந்தது, யார் வளைத்தார்கள் என்பதுதான் நம் கேள்வி.

முதல் வளைவு அவர் நடக்கத் தொடங்கும் முன்பே வந்துவிட்டது. 1891இல் மாவ் ராணுவ முகாமில் அவர் பிறந்தபோது தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார். ராணுவப் பள்ளியில் ஆசிரியர். மகர் மக்கள் தலைமுறைகளாகப் படையில் சேர்ந்து சம்பளமும் எழுத்தறிவும் பெற்றுவந்தார்கள். கிராமத்தில் கிடைக்காத பள்ளிக்கூடம் அவர்களுக்கு ராணுவ முகாமில் கிடைத்தது. 1890களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. தந்தை ஏறிய படியை மகன் எட்டுவதற்குள் எடுத்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற ராம்ஜி குடும்பத்தோடு டபோலிக்கும், பிறகு வேலை தேடிச் சதாராவுக்கும் போனார். சதாராவுக்கு வந்த சில காலத்திலேயே தாய் பீமாபாய் இறந்தார். அத்தை மீராபாய் பிள்ளைகளை வளர்த்தார்.

சதாரா ஒரு சிறிய மாவட்டத் தலைநகரம். 1900 நவம்பர் 7 அன்று அங்குள்ள அரசுப் பள்ளியில் சிறுவன் பீமாராவ் சேர்க்கப்பட்டான். அந்த நாளைத்தான் இன்று மகாராஷ்டிர அரசு மாணவர் தினமாகக் கடைப்பிடிக்கிறது. பள்ளியில் அவன் உட்காரச் சாக்குத் துண்டை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். மாலையில் திரும்ப எடுத்துவர வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தானே திறக்கக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. ஊரில் முடிதிருத்துபவர் இருந்தும் அவனுடைய அக்காதான் முடி வெட்டிவிட்டாள். இவற்றை அண்ணலே ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

அதே நூலில் 1901ஆம் ஆண்டுப் பயணமும் இருக்கிறது. பஞ்ச நிவாரணத்துக்காகக் குளம் வெட்டும் பணியில் காசாளராக ராம்ஜி கோரேகாவில் இருந்தார். கோடை விடுமுறையில் பிள்ளைகளை வரச்சொன்னார். புதுச்சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கையில் பணத்தோடு, பிள்ளைகள் ரயிலில் மசூர் நிலையத்தில் போய் இறங்கினார்கள். நன்றாக உடுத்திய பிள்ளைகளைக் கண்டு அன்பாக விசாரித்த நிலைய அதிகாரி, மகர் என்று தெரிந்ததும் விலகிப் போனார். வண்டிக்காரர்கள் யாரும் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே மாட்டை ஓட்ட, வண்டிக்காரர் பக்கத்தில் நடந்துவருவது என்று பேசி முடித்தார்கள். வழியெல்லாம் கட்டுச்சோறு இருந்தது. குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

‘வறுமைதான் பிரச்சினை, பணம் வந்தால் சாதி போய்விடும்’ என்று இன்றும் நமக்குப் பாடம் நடத்துகிறவர்கள் இந்த வண்டிக் கணக்கைப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைகளிடம் பணம் இருந்தது. ஊரில் வண்டியும் இருந்தது. மற்றவர்களுக்கு ஒரு கூலி, அவர்களுக்கு இரண்டு. இந்தக் கணக்கு பின்னாளில் கல்லூரியிலும் அலுவலகத்திலும் அவரை விடவில்லை.

1904இல் குடும்பம் பம்பாய்க்கு வந்தது. பரேலில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழும் சாலில் ஓர் அறை. சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் அதற்குள்ளேதான். மகன் கொஞ்ச நேரம் உறங்கட்டும் என்று தந்தை விழித்திருப்பார். பிறகு எழுப்பிவிட்டுத் தான் படுப்பார். புத்தகம் வாங்கக் காசில்லாதபோது மணமாகிப்போன மகள்களிடம் நகையை வாங்கி அடகு வைத்தார். அம்பேத்கரின் நூலகத்தைப் பற்றிப் பேசுகிற நாம் அந்தச் சகோதரிகளின் நகையையும் சேர்த்தே பேச வேண்டும். சமஸ்கிருதம் படிக்க விரும்பியவருக்கு அது மறுக்கப்பட்டது, பாரசீகம் படித்தார். எந்தப் பாடத்தைப் படிப்பது என்பதையும் சாதியே முடிவு செய்த காலம் அது.

மெட்ரிக்குலேஷனுக்குப் பிறகு கல்லூரிச் செலவைத் தாங்க ராம்ஜியால் முடியவில்லை. படிப்பு அங்கேயே நின்றிருக்கும். கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற ஆசிரியர் அவரைப் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அழைத்துப் போனார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அந்த 25 ரூபாயில்தான் 1912இல் பி.ஏ. பட்டம் வந்தது.

1913 ஜனவரியில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். சில நாட்களிலேயே தந்தை நோயுற்ற செய்தி வந்தது; பம்பாய்க்கு விரைந்தார். பிப்ரவரி 2 அன்று ராம்ஜி இறந்தார். முதல் வேலை அத்தோடு முடிந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் படிக்கப் பரோடா அரசின் உதவித்தொகை கிடைத்தது: மாதம் 11.5 பவுண்டு, மூன்றாண்டு காலம். பதிலுக்குப் பத்தாண்டு பரோடா அரசில் பணிபுரிவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். கொலம்பியாவில் 1915இல் எம்.ஏ., 1916 மே மாதம் இந்தியச் சாதிகள் பற்றிய புகழ்பெற்ற கட்டுரை, அடுத்து லண்டன் பொருளாதாரப் பள்ளி, கிரேஸ் இன். உதவித்தொகைக் காலம் முடிந்ததும் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. இந்த ஆண்டுகளில் ராமாபாய் பம்பாயில் வறுமையோடு குடும்பம் நடத்தினார். அண்ணலின் பட்டங்களில் ராமாபாயின் பட்டினியும் இருக்கிறது.

ஒப்பந்தப்படி 1917 செப்டம்பரில் பரோடா போனார். அரசு வேலை இருந்தது, சம்பளம் இருந்தது, மன்னரின் ஆதரவும் இருந்தது. தங்க இடம் இல்லை. இந்து விடுதியில் இடம் தரமாட்டார்கள் என்று தெரியும். பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிவு செய்துகொண்டு, ஆளில்லாத மாடியில் தங்கினார். பதினொன்றாம் நாள் காலை ஒரு கூட்டம் தடிகளோடு வந்து மிரட்டியது. அன்று மாலைக்குள் காலி செய்யச் சொன்னது. நண்பர்கள் இருவரிடம் கேட்டார். ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர். இருவரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இரவு ரயில் வரும்வரை ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பம்பாய்க்குத் திரும்பினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கொலம்பியாவில் இடம் கிடைத்தது. பரோடாவில் வேலை கிடைத்தது. இரண்டையும் சேர்த்துக் கட்டுகிற கயிறு ஒரு வாடகை அறை. அது அறுந்ததும் பத்தாண்டு ஒப்பந்தமும் சம்பளமும் ஒன்றாக விழுந்தன. இன்று சென்னையிலோ கோவையிலோ வேலைக்கான கடிதத்தோடு வந்திறங்கி, “நீங்க என்ன ஆளுங்க?” என்ற வீட்டு உரிமையாளரின் கேள்விக்கு முன்னால் நிற்கிற நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பெயரையும் ஊரையும் மறைக்க வேண்டியிருந்தது அண்ணல் ஒருவருக்கு மட்டுமல்ல. 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அவரோடு அமர்ந்த இரட்டைமலை சீனிவாசனும் கோயம்புத்தூரில் படித்த நாட்களைத் தம் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தில் குறிப்பிட்டிருக்கிறார். தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் சக மாணவர்களோடு கலந்து பழகாமல் ஒதுங்கியே இருந்தார். படிப்பு முடிந்து நீலகிரியில் கணக்கர் வேலை பார்த்து, பின் சென்னைக்கு வந்து, 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். எந்தப் பெயரை மறைத்துக்கொண்டு படிக்க நேர்ந்ததோ அந்தப் பெயரையே இதழின் தலைப்பில் அச்சிட்டார். அண்ணலும் 1920 ஜனவரி 31 அன்று ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். வேலை தேடி அலைந்த ஆண்டுகளின் முடிவில் இருவரும் வந்து சேர்ந்த இடம் பத்திரிகை.

பரோடாவுக்கும் ‘மூக்நாயக்’குக்கும் இடைப்பட்ட காலத்தில் அவர் மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொன்னார். பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலைத் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வரவில்லை. 1918 நவம்பரில் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். சம்பளம் 450 ரூபாய். ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்கு அங்கும் எதிர்ப்பு எழுந்தது. சதாராவின் குழாய் பம்பாயில் பானையாகியிருந்தது, அவ்வளவுதான். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததோடு கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜின் உதவியும் நண்பர் நவல் பதேனாவின் கடனும் சேர்ந்துதான் 1920இல் மீண்டும் லண்டன். 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி.

வழக்கறிஞரான பிறகும் வருமானம் போதவில்லை. 1925 முதல் 1928 வரை கணக்கியல் பயிற்சி நிறுவனம் ஒன்றில் வணிகச் சட்டம் கற்பித்தார். 1927 மார்ச்சில் மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்த தலைவர் அப்போதும் பகுதிநேர ஆசிரியர்தான்.

இனி நம் வாதத்துக்கு வருவோம். இந்தப் பாதையில் எந்த வளைவும் அறிவுக் குறைவால் வந்ததல்ல. படைச் சேர்க்கை நின்றது, கட்டணத்துக்குப் பணமில்லை, உதவித்தொகைக் காலம் முடிந்தது, தங்க இடமில்லை, வாடிக்கையாளர் வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. பெரும்பாலானவற்றுக்குச் சாதி நேரடிக் காரணம். அதேபோல, அவர் நிமிர்ந்து நடந்த ஒவ்வொரு இடத்திலும் தனித்திறமையோடு வேறொன்றும் இருந்தது: ராணுவப் பள்ளி, அக்காவின் நகை, ஓர் ஆசிரியரின் பரிந்துரை, 25 ரூபாய், நண்பரின் கடன். இவற்றில் ஒன்று தவறியிருந்தால் வரலாறு வேறாகியிருக்கும். மன்னரின் கருணையும் நண்பரின் மனதும் எல்லா மாணவருக்கும் வாய்க்காது. அதை அண்ணலைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அதனால்தான் தனக்கு நேர்ந்த வளைவுகளை அவர் நிறுவனங்களாக மாற்றினார். 1924இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி நடத்தியது. பரோடாவில் கூரை கிடைக்காதவர் பிறருக்குக் கூரை கட்டினார். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அவர் உறுப்பினராக இருந்தபோது, 1943இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. 1944இல் மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை தொடங்கியது. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் அது தொடங்கிய சித்தார்த் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குக் காலை வகுப்புகள் இருந்தன. விடுதி, உதவித்தொகை, இடஒதுக்கீடு, காலைக் கல்லூரி ஆகிய நான்கையும் அவருடைய பதினாறு ஆண்டுகளின் மேல் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு வளைவின் மேல் சரியாகப் பொருந்தும்.

ஆகவே உதவித்தொகை ஒரு பருவம் தாமதமானால் அது அலுவலகத்தில் கோப்பு நகரவில்லை என்ற சிறிய செய்தி இல்லை. ஒரு மாணவரின் பாதை அங்கே வளைக்கப்படுகிறது. ஆதிதிராவிடர் நல விடுதியில் அறை ஒழுகினால் அது கட்டடப் பராமரிப்புப் பிரச்சினை மட்டும் இல்லை. 1917இன் அந்த மாலையிலிருந்து நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதன் அளவு அது. செயல்பாட்டாளர்களான நாம் இவற்றைக் கருணை மனுக்களாக எழுதுவதை நிறுத்த வேண்டும். வரலாற்று உரிமையாக, ஆண்டையும் தொகையையும் குறிப்பிட்டு எழுத வேண்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்குப் போனவர் யார், எந்த ஊர்ப் பள்ளி, கட்டணத்துக்கு எந்த நகை அடகுக்குப் போனது, முதல் வேலை ஏன் நின்றது என்று கேட்டு எழுதுங்கள். தேதியோடும் தொகையோடும் எழுதுங்கள். சேரியின் வரலாறு ஆவணக் காப்பகங்களில் குறைவு. அடகுக்கடை ரசீதுகளில் நிறைய இருக்கிறது. நேர்காணலில் அந்த இடைவெளியைப் பற்றிக் கேட்டால் குனிய வேண்டாம். அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது என்று நிமிர்ந்து சொல்லுங்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறார்கள்.

ஜெய்பீம்.